நாலு மணிக்கு மேல் நீங்கள் திருத்தி நடும் நாற்றுகள்

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

"காடு மீட்பு வேலைகளுக்கு இளைஞர்களைத் தயார் செய்யும் பயிற்சித் திட்டம் ஒன்றில் எட்டு மாதமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 31. குழுவில் பத்துப் பேர், எல்லோரும் 18 முதல் 23 வயதுக்குள். உண்ணிச்செடி (லாண்டனா என்கிற அயல் புதர்ச்செடி) அகற்றுவது, நாற்று நடுவது, நடைபாதை சீரமைப்பது, இதுதான் வேலை. பாதிப் பேர் தினமும் தாமதமாக வருகிறார்கள். போன் கையை விட்டு இறங்குவதே இல்லை. ஒரு தம்பி எத்தனை தடவை சொன்னாலும் பாதுகாப்புக் கண்ணாடி போட மாட்டேன் என்கிறான். ஒரு பெண் நல்ல புத்திசாலி, ஆனால் எதற்கெடுத்தாலும் 'ஏன்' என்று கேட்டு எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிடுகிறாள். மாதம் முடிந்தால் மேலிடத்தில் கேட்பது எத்தனை நாற்று நட்டீர்கள், எவ்வளவு பரப்பு சுத்தம் செய்தீர்கள் என்பதைத்தான். நாலு மணிக்கு அவர்கள் கிளம்பின பிறகு நான் இரண்டு மணி நேரம் இருந்து, தப்பாக நட்டதையெல்லாம் திருத்தி நட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். முதுகு போய்விட்டது. கண்டிப்பாக இருப்பதா, தோழி மாதிரி இருப்பதா என்றே தெரியவில்லை. எனக்கு இந்த வேலை ஒத்துவராதோ?"

அன்புத் தோழிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தாமதம், போன், கண்ணாடி, கேள்வி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், நாலு மணிக்கு மேல் இருந்து திருத்தி நடுகிறேன் என்று. என் கண் அங்கேதான் நின்றது. மற்றதெல்லாம் எல்லாக் குழுவிலும் இருக்கிற பிரச்சினைதான், ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் இந்தத் திருத்தி நடுவதை நிறுத்தாமல் நீங்கள் வேறு எதைச் செய்தாலும் பலன் இருக்காது. கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நானும் அதையே செய்திருக்கிறேன், அதனால் ஒரு நல்ல பையனை இழந்திருக்கிறேன்.

நான் குழு நடத்த ஆரம்பித்த மூன்றாவது வருஷம். அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது, அதிகம் பேச மாட்டான். ஒரு சரிவில் நாற்பது நாற்று அவன் பங்கு. சாயங்காலம் போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் ஆழமாகப் போயிருந்தது, தண்டு மண்ணுக்குள் நாலு விரல் இறங்கியிருந்தது. மறுநாள் மேலிடத்திலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள். நான் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நாற்பதையும் தோண்டி எடுத்து மறுபடி நட்டேன். ஒவ்வொரு நாற்றுக்கும் மேட்டுப் பக்கமாக ஒரு தட்டைக் கல் இருந்தது, அது இடைஞ்சலாக இருக்கிறது என்று எடுத்து ஓரமாக வீசினேன். காலையில் அவன்தான் முதல் ஆளாக வந்தான். வரிசை ஆரம்பத்திலேயே நின்றுவிட்டான். கீழே கிடந்த ஒரு கல்லை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "இதையெல்லாம் யார் எடுத்தது?" என்றான். "நான்தான், கொஞ்சம் சரி பண்ணினேன்" என்றேன். "சரிங்க" என்றான், அவ்வளவுதான். அந்தக் கல்லை அவன் வைத்ததற்குக் காரணம் இருந்தது: மேலேயிருந்து வருகிற தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாது, கல்லுக்கு அடியில் ஈரமும் நிற்கும். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவனாக யோசித்துச் செய்தது. ஆழத்தில் தப்பு செய்திருந்தான், கல்லில் என்னைவிடச் சரியாக இருந்தான். அதன் பிறகு ஒவ்வொரு குழிக்கும் என்னிடம் வந்து "இது சரியா, இது சரியா" என்று கேட்க ஆரம்பித்தான். இரண்டு வாரம் கழித்து வருவதையே நிறுத்திவிட்டான்.

உங்கள் பத்துப் பேருக்கும் நீங்கள் சாயங்காலம் என்ன செய்கிறீர்கள் என்பது கட்டாயம் தெரிந்திருக்கும். தோண்டிய மண் காலையில் பார்த்தால் தெரியும், வயது வந்தவர்கள் அவர்கள். நாம் எப்படி நட்டாலும் அக்கா வந்து மாற்றத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகு ஒருவன் எதற்காக நேரத்துக்கு வரணும், எதற்காகப் போனைக் கீழே வைக்கணும்? தாமதத்துக்கும் போனுக்கும் முழுக் காரணம் இதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரிய பங்கு இதற்கு இருக்கிறது என்று சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் முன் அனுபவமே இல்லாத லட்சக்கணக்கான ஆட்களை அவசரமாக வேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. 1940 முதல் 1945 வரை அதற்கென்றே ஒரு அரசுத் திட்டம் நடத்தி, மேற்பார்வையாளர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஆளைத் தயார் செய், செய்து காட்டு, அவரைச் செய்ய வைத்துப் பார், அப்புறமும் போய்ப் போய்க் கவனி, இந்த நாலு படிதான் அது. அந்தப் பயிற்சியில் ஒரு வாசகம் சொல்வார்கள்: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால் பயிற்சியாளர் கற்றுக்கொடுக்கவில்லை என்று அர்த்தம். முதல் தடவை கேட்கும்போது எனக்குக் கோபம் வந்தது. இப்போது ஒரு நாற்று தப்பாக நட்டிருந்தால் எந்தப் படியை நான் தாண்டினேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன். பெரும்பாலும் மூன்றாவது படிதான். செய்து காட்டிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்போம், எல்லோரும் தலையாட்டுவார்கள், நாம் நகர்ந்துவிடுவோம். அந்த மூன்றாவது படியில் அவர் செய்ய வேண்டும், செய்யும்போதே ஏன் அப்படிச் செய்கிறார் என்பதையும் தன் வாயால் சொல்ல வேண்டும். அங்கேதான் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியவரும்.

நடவையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்றுப் பையைக் கிழிக்கும்போது வேரைச் சுற்றியிருக்கிற தாய்மண் உடையக்கூடாது. பைக்குள் சுருண்டு வளர்ந்த வேரை வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள்ளும் அது சுற்றிச் சுற்றியே வளர்ந்து, சில வருஷம் கழித்து மரம் தன் வேராலேயே நெரிபடும். தண்டும் வேரும் சேருகிற கழுத்து மண் மட்டத்தில் இருக்க வேண்டும், ஆழமாகப் போனால் கழுத்து அழுகும், மேலே நின்றால் வேர் காயும். மண்ணை மிதித்து இறுக்க வேண்டும், வேரைச் சுற்றிக் காற்று நிற்கக்கூடாது. சொல்வதற்கு ஒரு நிமிஷம் ஆகும். ஆனால் "கழுத்து எங்கே இருக்கு, தொட்டுக் காட்டு" என்று பத்துப் பேரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், மூன்று பேராவது வேறு இடத்தைத் தொடுவார்கள். நாற்பது நாற்று தப்பானதற்குக் காரணம் அலட்சியம் என்று நினைத்திருப்போம், பார்த்தால் கழுத்து எது என்றே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அப்புறம், நட்டதைச் சோதிப்பதை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். மேல் இலை ஒன்றை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இலை கிழிந்தால் நாற்று இறுக நிற்கிறது, நாற்றே மேலே வந்தால் மண்ணை இறுக்கவில்லை. பத்தில் ஒன்றை இப்படிப் பார்த்தால் போதும். மூன்று மணிக்கு வேலையை நிறுத்தி, ஒருவர் வரிசையை இன்னொருவர் பார்க்கட்டும். தப்பு இருந்தால் நட்டவரே, அப்போதே, நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது திருத்தட்டும். நீங்கள் கடப்பாரையைத் தொடாதீர்கள். கை பரபரக்கும், தெரியும். பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் எண்ணிக்கை பாதியாகக் குறையும், அதற்குத் தயாராக இருங்கள்.

எண்ணிக்கை என்றதும் மேலிடம் ஞாபகம் வரும். அதையும் பேசிவிடுவோம். எத்தனை நட்டீர்கள் என்ற கேள்விக்குப் பதிலாக மூன்று மாதம் கழித்து எத்தனை பிழைத்தது என்ற கணக்கை நீங்களாகவே ரிப்போர்ட்டில் சேர்த்து அனுப்ப ஆரம்பியுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். உண்ணிச்செடிக்கும் இதே கதைதான். தரைக்கு மேலே வெட்டித் தள்ளினால் ஒரே நாளில் பெரிய பரப்பு சுத்தமாகத் தெரியும், போட்டோவும் நன்றாக வரும். ஒரு நல்ல மழை பெய்தால் அடிக்கட்டையிலிருந்து பத்துக் கிளை கிளம்பும், முன்னைவிட அடர்த்தியாக. தளிர்க்கிற பகுதிக்குக் கீழே, மண்ணுக்குள்ளே முக்கிய வேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டால்தான் அது திரும்ப வேர் பிடிக்காது. அப்படியும் விட்டுவிட முடியாது, பழத்தைத் தின்ற பறவைகள் விதையை மறுபடி கொண்டுவந்து போடும், அடுத்த சில வருஷத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து முளைத்த கன்றைப் பிடுங்க வேண்டும். பரப்பை மட்டும் கேட்கிற கணக்கு உங்கள் பிள்ளைகளுக்கு மேலோட்டமாக வெட்டத்தான் சொல்லிக் கொடுக்கிறது. இதை மேலதிகாரியிடம் ஒரு தடவை நேரில், இடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள். மேலே வெட்டிய துண்டு நிலத்தையும் வேரோடு எடுத்த துண்டு நிலத்தையும் அடுத்தடுத்துக் காட்டினால் அதிகம் பேச வேண்டியிருக்காது.

இனி அந்தக் கண்ணாடித் தம்பி. இதில் மட்டும் நான் உங்களோடு கொஞ்சம் சண்டை போடப் போகிறேன். "எத்தனை தடவை சொன்னாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை தடவை சொன்னீர்கள்? இரண்டாவது தடவையே கருவியை வாங்கி வைத்திருக்க வேண்டும். கண்ணாடி இல்லை என்றால் கருவி இல்லை, கத்த வேண்டாம், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்த வேண்டாம், கையை நீட்டி அரிவாளை வாங்கிக்கொண்டு "போட்டுக்கிட்டு வா, தர்றேன்" என்றால் போதும். தினமும், ஒரு தடவைகூட விடாமல். இன்று சொல்லி நாளைக்குக் கண்டுகொள்ளாமல் விட்டால், அது விதி இல்லை, உங்கள் அன்றைய மனநிலை என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஐந்து நிமிஷ வேலைக்கு என்றாலும் நீங்களும் போட்டுக்கொள்ள வேண்டும்.

அதே சமயம் தனியாகக் கூப்பிட்டு, ஏன் போட மாட்டேன் என்கிறான் என்று கேளுங்கள். நான் கேட்டபோதெல்லாம் கிடைத்த பதில் திமிர் இல்லை. வியர்வையில் ஆவி படிந்து கண் தெரியவில்லை என்பான். ஏற்கெனவே பவர் கண்ணாடி போட்டிருப்பான், அதற்கு மேல் இது உட்காராது. ஒரு பையன் பவர் கண்ணாடி வேண்டியிருந்தும் வாங்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டே வேலை செய்தான், அதற்கு மேல் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கும் போட்டால் என்ன தெரியும்? ஆவி படியாத கண்ணாடி இருக்கிறது, கம்பி வலைக் கண்ணாடி இருக்கிறது, பவர் கண்ணாடிக்கு மேலே போடுகிற மாதிரியும் இருக்கிறது. எந்த வேலைக்கு எது தாங்கும் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். விதி மாறாது, ஆனால் அதைக் கடைப்பிடிக்க முடிகிற மாதிரி செய்து கொடுப்பது நம் வேலை.

நான் இதில் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 15 முதல் 24 வயது வரையிலான தொழிலாளர்களுக்கு வேலையில் காயம் ஏற்படும் விகிதம், மூத்தவர்களைவிட 40 சதவீதம் வரை அதிகம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. அனுபவம் கிடையாது, பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கம், முடியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற நினைப்பு. அதனால் ஆபத்தை அவர்கள் வந்து சொல்வார்கள் என்று காத்திருக்காதீர்கள். கை நீட்டி, கையிலிருக்கும் கருவியையும் நீட்டினால் எவ்வளவு தூரம் வருமோ, அந்த வட்டத்துக்குள் இன்னொரு ஆள் வரக்கூடாது. நடக்கும்போது கருவி தோளில் இருக்கக்கூடாது, பக்கவாட்டில், சரிவில் போனால் பள்ளப் பக்கத்துக் கையில், கருவியின் வெட்டுவாய்க்கு உறை போட்டு. விழுந்தால் கருவியைப் பள்ளத்தில் வீசிவிடலாம் என்பதற்காகத்தான் அந்தப் பக்கம். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் ஞாபகம் இருக்கும்.

வெயிலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புதிதாக வந்தவரை முதல் நாளே முழு வேலையில் போடாதீர்கள். வெயிலில் முழு வேலையின் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாள், அப்புறம் தினமும் இன்னொரு பங்கு, உடம்பு பழக ஒன்று இரண்டு வாரம் ஆகும். வெப்பத்தால் வேலையிடத்தில் நடக்கிற சாவுகள் பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நடக்கின்றன, இளவயதுக்காரன் தாங்குவான் என்று நினைப்பது பெரிய தப்பு. பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தண்ணீர், தாகம் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே குரல் கொடுங்கள். யாராவது பேச்சுக் குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, நடை தள்ளாடினாலோ அது களைப்பு இல்லை, உயிர் ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். இதை உங்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, விழுவது நீங்களாகவும் இருக்கலாம் இல்லையா, பத்துப் பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தாமதத்துக்கு வருகிறேன். திட்டுவதற்கு முன்னால் ஒவ்வொருவராகக் கேளுங்கள், "காலையில எழுந்ததிலிருந்து இங்க வர்ற வரைக்கும் என்ன நடக்குதுன்னு சொல்லு" என்று. ஒருவர் தம்பி தங்கையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவார், ஒருவர் ராத்திரி வேறு வேலைக்குப் போவார், ஒருவருக்கு நிஜமாகவே எழுந்திருக்கச் சோம்பலாக இருக்கும். மூவருக்கும் ஒரே திட்டு சரிவராது. இந்த மாதிரித் திட்டங்களில் பெரிய முன்னோடி, 1933 முதல் 1942 வரை அமெரிக்காவில் நடந்த இளைஞர் இயற்கைப் பாதுகாப்புப் படை. பொருளாதார வீழ்ச்சிக் காலம், வேலையில்லாத சுமார் 30 லட்சம் இளைஞர்கள் அதில் வேலை செய்தார்கள், சுமார் 300 கோடி மரம் நட்டார்கள். மாதம் 30 டாலர் சம்பளம், அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும். மரம் நடவந்த பையன்கள் தோளில் ஒரு குடும்பமும் இருந்தது என்பதை அந்தத் திட்டமே கணக்கில் வைத்திருந்தது. உங்கள் பத்துப் பேரில் எத்தனை பேருடைய உதவித்தொகை அவர்கள் கையில் தங்குகிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகத் தாமதத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. இது வேலைக்கான பயிற்சி, நாளைக்கு இன்னொரு இடத்தில் இவர்களைச் சேர்த்துக்கொள்கிறவர் முதலில் பார்ப்பது நேரத்தைத்தான். முதல் தடவை பேச்சு, இரண்டாவது எழுத்தில், மூன்றாவது அன்றைக்கு உதவித்தொகை இல்லை என்பது போல, திட்டத்தின் விதி என்னவோ அதைத் தாளில் எழுதி, எல்லோரும் படித்துக் கையெழுத்துப் போட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்துங்கள். வரமுடியாவிட்டால் முன்கூட்டியே சொல்கிறவரையும் சொல்லாமல் இருக்கிறவரையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள், சொல்லப் பழகுவதே பெரிய முன்னேற்றம்.

போன் சின்ன விஷயம். கையில் கருவி இருக்கும்போது போன் கிடையாது, இடைவேளையில் யாரும் கேட்க மாட்டார்கள், அவசர அழைப்புக்கு உங்கள் எண்ணை வீட்டில் கொடுத்துவிடட்டும். முடிந்தது.

அந்த அமெரிக்க இளைஞர் படையைப் பற்றி இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். நகரத்திலிருந்து வந்த பையன்களுக்குக் கோடாரியைப் பிடிக்கத் தெரியவில்லை என்று அந்தந்த ஊரிலேயே காட்டு வேலையில் பழுத்த ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துச் சொல்லிக் கொடுக்க வைத்தார்கள். நீங்களும் எல்லாவற்றையும் ஒருவரே கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்குச் செடி தெரியும். அரிவாளுக்கு அரம் போடுவது உங்களுக்கு அவ்வளவாக வராமல் இருக்கலாம், அதற்கென்றே முப்பது வருஷம் கை பழகின ஒருவரை வாரத்தில் ஒரு நாள் வரச் சொல்லுங்கள், அவருக்குக் கூலி கொடுக்கத் திட்டத்தில் வழி இருக்கிறதா என்று பாருங்கள். மழுங்கின கருவிதான் அதிகம் வழுக்கும், கையையும் காலையும் அதிகம் வெட்டும். அவர் பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்து கற்றுக்கொள்வதை அந்தப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அந்த 'ஏன்' பெண்ணைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. உங்கள் நீளமான கடிதத்தில் அவள் கேட்ட ஒரு கேள்வியையும் எழுதியிருந்தீர்கள்: "உண்ணிச்செடியில இவ்வளவு பட்டாம்பூச்சி வருதே, அதை ஏன் வெட்டணும்?" எவ்வளவு நல்ல கேள்வி! "அது அயல் செடி, வெட்டச் சொன்னாங்க" என்று நீங்கள் பதில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், அது அவளுக்குப் போதாது, போதவும் கூடாது. பட்டாம்பூச்சி தேன் குடிக்க வருவது நிஜம் என்று முதலில் ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டாம்பூச்சி முட்டையிடுவது வேறு செடியில், அதன் புழு தின்பதும் அந்தந்த இனத்துக்கென்று இருக்கிற சில செடிகளை மட்டும்தான், அந்தச் செடிகளைத்தான் உண்ணிப்புதர் மூடி எழவிடாமல் செய்கிறது, தேன் இருக்கும், குஞ்சு பொரிக்க இடம் இருக்காது என்று சொல்லுங்கள். அப்புறம் அவளிடம் நாலு குச்சியும் கயிறும் கொடுத்து, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் இரண்டு கட்டச் சொல்லுங்கள், ஒன்று புதருக்கு அடியில், ஒன்று ஆறு மாதத்துக்கு முன்னால் சுத்தம் செய்த இடத்தில். உள்ளே எத்தனை வகைச் செடி முளைத்திருக்கிறது என்று மாதம் ஒரு தடவை எண்ணட்டும், பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும். வேலை நேரத்தில் நடுவில் வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவைத்து, கடைசி இருபது நிமிஷத்தில் குழுவாக உட்கார்ந்து எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேலையை நிறுத்துகிறாள் என்று பார்க்கிற பெண் நாளைக்குக் கணக்கெடுப்பு வேலைக்கும் கண்காணிப்பு வேலைக்கும் போகக்கூடிய ஆள், அந்த நோட்டுதான் அவளுக்கு வேலை வாங்கித் தரப்போகிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் தோன்றுகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு திறன் பதிவேடு போடுங்கள். எந்தக் கருவி, எத்தனை மணி நேரம், எதைத் தனியாகச் செய்ய வரும், எதை இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வரும் என்று வாராவாரம் அவர்களே எழுதி நீங்கள் கையெழுத்துப் போடுவது. திட்டம் முடியும்போது "நன்றாக வேலை செய்தார்" என்ற ஒரு வரிச் சான்றிதழை வைத்துக்கொண்டு அவர்கள் எங்கே போவார்கள்? மூன்று மாதத்துக்கு முன்பிருந்தே அடுத்து எங்கே விண்ணப்பிப்பது என்று ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசுங்கள்.

கண்டிப்பா, தோழியா என்று கேட்டிருந்தீர்கள். காலையில் நீங்கள் என்ன முகத்தோடு வருவீர்கள் என்று அவர்கள் யோசிக்க வேண்டியிராத மாதிரி இருங்கள், அது போதும். உயிருக்கும் உடம்புக்கும் சம்பந்தப்பட்டதில் பேச்சுவார்த்தை கிடையாது, ஒருவரை ஒருவர் தொடுவது, கேலி செய்வது, சாதி மதம் நிறம் பற்றிப் பேசுவது எல்லாம் இதில் சேர்த்தி. மீதி எல்லாவற்றிலும், எந்த வரிசையில் வேலை, யாரோடு யார், இடைவேளை எப்போது என்பதில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள், முடிந்தவரை அவர்களே தீர்மானிக்கட்டும். நட்பு தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் அவர்களில் யாராவது வீட்டுத் துயரத்தை, மனசு சரியில்லாததை உங்களிடம் கொட்டினால், காது கொடுங்கள், உடனே அறிவுரை சொல்லாதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும், அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. யாரிடம் அனுப்புவது என்று இரண்டு தொலைபேசி எண்ணாவது கையில் வைத்திருங்கள்.

எனக்கு ஒத்துவராதோ என்ற கேள்விக்கு: இரண்டு மணி நேரம் தனியாக நின்று நாற்றைத் திருத்தி நடுகிற ஆளுக்கு இந்த வேலை ஒத்துவரும். அந்த அக்கறையை நாலு மணிக்கு முன்னால், அவர்கள் இருக்கும்போது செலவழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, இதுவரை என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். "நீங்க போன பிறகு நான் மாத்தி நட்டுட்டு இருந்தேன், அது தப்பு, இனிமே செய்ய மாட்டேன், உங்க வரிசை உங்களோடது" என்று. வரிசைக்கு ஒரு குச்சி நட்டு, அதில் அவரவர் பெயரை அவரவர் கையால் எழுதச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், ஒருவன் "தெரியும்க்கா" என்பான். அதன் பிறகு நாலு மணிக்கு அவர்கள் பையை மாட்டும்போது நீங்களும் உங்கள் பையை மாட்டிக்கொண்டு அவர்களோடேயே இறங்கி வாருங்கள். முதல் வாரம் ராத்திரி தூக்கம் வராது, அந்தச் சரிவில் எது சாய்ந்து கிடக்கிறதோ என்று. காலையில் அவர்களோடு போய்ப் பாருங்கள். தொண்ணூறு நாள் கழித்து வரிசை வரிசையாக அவர்களே எண்ணட்டும், அந்தக் கணக்கையும், அந்தப் பெண்ணின் இரண்டு சதுரத்தில் என்ன முளைத்திருந்தது என்பதையும் எனக்கு எழுதுங்கள்.